பேனாவைக் கீழே வைத்த டாக்டர்

அந்த ஊரில் அவள் முகத்தைத் தெரிந்தவர்கள் மிகவும் குறைவு. குரலைத் தெரியாதவர்கள் யாருமே இல்லை. பேருந்து நிலையத்தின் மாடியில், கண்ணாடி அடைத்த ஒரு சின்ன அறையில் உட்கார்ந்துகொண்டு, எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது, எது தாமதம், எது ரத்து என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பதுதான் அவள் வேலை. டிரைவர்களும் கண்டக்டர்களும் அவளை மைக்கக்கா என்பார்கள். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று அவள் தொடங்கினால், பெஞ்சில் தூங்குகிறவர்கூட ஒரு கண்ணைத் திறந்து பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார். கடைத்தெருவில் அவள் வாயைத் திறந்து விலை கேட்டால், கடைக்காரர் "எங்கயோ கேட்ட குரலா இருக்கே" என்று நெற்றியைச் சொறிவார். அதனால் வெளியில் அவள் பெரும்பாலும் கையைக் காட்டியே சாமான் வாங்குவாள்.

அப்படிப்பட்டவளுக்குக் கொஞ்ச காலமாக மைக்கைப் பார்த்தாலே நெஞ்சு படபடத்தது. மேடையை மாற்றிச் சொல்லிவிடுவோமோ, கைக்குழந்தையோடு யாராவது வேறு ஊர் வண்டியில் ஏறிவிடுவார்களோ என்று மேடை நம்பரை இரண்டு தடவை சரிபார்த்துக்கொண்டாள். காலையில் கண் விழித்ததும் காரணமே இல்லாமல் அழுகை வந்தது. வீட்டுக்காரரிடம் சொன்னாள். அவர் நல்ல மனிதர்தான். தையல் மிஷின் ரிப்பேர் பார்க்கிறவர். எந்தக் கோளாறும் கொஞ்சம் எண்ணெய் விட்டால் சரியாகிவிடும் என்று நம்புகிறவர். "ரெண்டு நாள் லீவு போட்டு நல்லாத் தூங்கு, எல்லாம் சரியாப் போயிடும்" என்றார். லீவு போட அவளுக்குப் பயம். நிலைய மேலாளர் ஏற்கெனவே ஒரு கம்ப்யூட்டரைத் தட்டிக் காட்டி, "இது லீவே கேக்காது அக்கா" என்று சிரித்திருக்கிறார். அக்கா, அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டே ஆளைக் கழற்றிவிடக்கூடிய மனுஷன்.

ஆகவே நெஞ்சு வலி என்று சொல்லிக்கொண்டு தெருமுனையிலிருந்த சுகாதார நிலையத்துக்குப் போனாள்.

அங்கே அப்போதுதான் 'மனம் திறப்போம்' திட்டம் வந்திறங்கியிருந்தது. காய்ச்சலோ கால் சுளுக்கோ, எதற்காக வந்தாலும் முதலில் மனதைப் பரிசோதித்துவிட்டுத்தான் மற்ற உறுப்புகளுக்குப் போக வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. மனதைப் பற்றிப் பேசுவதற்கென்றே ஒரு ரகசிய அறை கட்டியிருந்தார்கள். நல்ல அறை. கதவு உண்டு, தாழ்ப்பாள் உண்டு. ஆனால் வாசலில் குறுக்கே சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது. திட்ட அதிகாரி வந்து வெட்டும்வரை உள்ளே யாரும் கால் வைக்கக் கூடாது. எனவே ரிப்பனுக்கு இந்தப் பக்கம், வரிசைக்கு நட்டநடுவில் ஒரு நாற்காலியைப் போட்டு, நர்ஸ் ரகசியங்களைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"கொஞ்ச நாளா எதுலயும் பிடிப்பு இல்லாம இருக்காம்மா?"

அவள் தலையாட்டினாள்.

"வாயால சொல்லணும்மா. தலையாட்டினா கணக்குல வராது."

"ம்."

"தினமுமா, அப்பப்பவா?"

"தினமும்தான்" என்று வாய்க்குள்ளேயே சொன்னாள்.

"சத்தமாம்மா! மேல ஃபேன் ஓடுதுல்ல!"

பின்னால் நின்ற பெரியவர் உதவிக்கு வந்தார். "தினமும்னு சொல்றாங்க சிஸ்டர். எனக்கும் அதையே போட்டுடுங்க, உங்களுக்கும் வேலை மிச்சம்."

"உங்களுக்கு என்ன?"

"கால்ல முள்ளு."

நர்ஸ் அதையும் குறித்துக்கொண்டு இவள் பக்கம் திரும்பினார். "வாழ்ந்தது போதும்னு எப்பவாவது தோணுதாம்மா?"

வரிசை மொத்தமும் பேச்சை நிறுத்தியது. அதுவரை வீறிட்டுக்கொண்டிருந்த ஒரு குழந்தைகூட வாயை மூடிக்கொண்டு அவளைப் பார்த்தது. அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"தோணினா தோணுதுன்னு சொல்லும்மா, வெக்கப்படாத" என்று பெரியவர் தைரியமூட்டினார். "நாங்கள்லாம் யாரு? வெளியாளா?"

பதில் வராதவர்களை டாக்டரிடம் அனுப்ப வேண்டும் என்பது விதி. அனுப்பினார்கள்.

டாக்டரம்மாவின் அறைக்குச் சுவர்கள் மூன்று. நான்காவது பக்கம் ஒரு பச்சைத் திரை. டாக்டரம்மா வயதில் சின்னவர். தலை நிமிராமல் எழுதிக்கொண்டே கேட்டார். பசி எப்படி, தூக்கம் எப்படி, வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா. அவளும் ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தையாகச் சொன்னாள். வேலை பேருந்து நிலையத்தில், மைக்கில் அறிவிப்பது என்றதும் டாக்டரம்மா நிமிர்ந்தார். "ஓ, அந்தக் குரல் நீங்கதானா? காலேஜ் போற காலத்துலேர்ந்து கேட்டிருக்கேனே!" என்று சிரித்தார். பிறகு பேனாவை மூடினார். அதை மெதுவாக மேசைமேல் வைத்தார். நாற்காலியைச் சற்று முன்னால் இழுத்துக்கொண்டு, தலையை ஒரு பக்கம் சாய்த்து, "சொல்லுங்கம்மா. நான் கேக்கறேன்" என்றார்.

நாள் முழுக்கச் சொல்வதையே பிழைப்பாகக் கொண்டவளிடம் இதுவரை யாரும் 'சொல்லு' என்று சொன்னதே கிடையாது. அவள் உடைந்து போனாள்.

"எனக்கு ஒண்ணும் ஆகல டாக்டர். யாரும் சாகல, வீட்ல சண்டை இல்ல. ஆனா நெஞ்சுல கல்லத் தூக்கி வச்ச மாதிரியே இருக்கு. நான் இன்னிக்கு செத்துட்டா நாளைக்கு மிஷின் பேசிக்கும், யாருக்கும் வித்தியாசமே தெரியாதுன்னு தோணுது. ஒரு நாள் பாதி அறிவிப்புல அழுகை வந்துடுச்சு. மைக்க அணைச்சிட்டேன். அதுல ஒரு குடும்பம் வண்டிய விட்டுட்டு வெயில்ல உக்காந்திருந்தாங்க. நான் மேலேர்ந்து பாத்துக்கிட்டே இருந்தேன் டாக்டர். இது வெளிய தெரிஞ்சா என் வேலை போயிடும். என் வீட்டுக்காரர்கிட்டகூட நான் சொல்லல."

"இந்த ரூம்ல சொன்னது இந்த ரூமத் தாண்டாது" என்றார் டாக்டரம்மா. திரைக்கு அந்தப் பக்கம் பெரியவர் இருமினார்.

ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். அவளுக்குக் கொஞ்சம் சரியாகத்தான் ஆயிற்று. டாக்டரம்மா கொடுத்த மாத்திரை மெதுவாக வேலை செய்தது. அதைவிட அந்தப் பேனா வேலை செய்தது. கண்ணாடி அறையில் மைக்கைப் போடுவதற்கு முன்னால் தன் பேனாவை மூடி மேசைமேல் வைப்பாள், எதிரே யாரோ தலையைச் சாய்த்து உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கும், படபடப்பு அடங்கும். நமக்காக ஒரு உயிர் எழுதுவதை நிறுத்தியது என்ற நினைப்பே போதுமாக இருந்தது.

அதற்கப்புறம்தான் சுகாதார நிலையம் முழுமூச்சாகக் குணப்படுத்த ஆரம்பித்தது.

முதலில் மூச்சுப் பயிற்சி. அதை நடத்தியவர் இரத்தப் பரிசோதனைக்காரர். வேறு ஆள் இல்லாததால் அவரை அமைதிக்கும் பொறுப்பாக்கியிருந்தார்கள். "கண்ண மூடுங்க! மனசுல ஒண்ணும் நினைக்காதீங்க! யாருங்க அது நினைக்கிறது? மூணாவது வரிசை! அமைதியா இருங்கன்னா அமைதியா இருக்கணும்!" என்று அவர் போட்ட சத்தத்தில், சும்மா மூட்டு வலிக்கு வந்தவர்களுக்கும் படபடப்பு வந்தது. வந்தவர்களை உடனே திட்டத்தில் சேர்த்துக்கொண்டார்கள்.

அடுத்து மாத்திரை தீர்ந்தது. மருந்து கொடுக்கிற ஜன்னலில், "மனசுக்குள்ளது இன்னும் வரல, சத்து மாத்திரை இருக்கு. மனசும் உடம்புக்குள்ளதான இருக்கு, போட்டுக்குங்க" என்று ஒரு அட்டையை நீட்டினார்கள்.

அதற்கும் அடுத்ததாக அவள் குணமாகிவிட்டாள். இதை அவளுக்கு நர்ஸ்தான் தெரிவித்தார்.

"அப்படியா சிஸ்டர்? காலைல இன்னும் அழுகை வருதே?"

"அது பழைய அழுகைம்மா. மிச்சம் மீதி இருந்தது வெளிய வருது. மேலேர்ந்து ஆய்வுக்கு வராங்க, அதுக்குள்ள எல்லாரும் குணமாயிருக்கணும். நீங்க மட்டும் ஆகலன்னா நல்லாவா இருக்கும்?"

டாக்டரம்மாவிடம் கேட்டாள். டாக்டரம்மா அவள் கண்ணைப் பார்க்காமல், "நீங்க நல்லா முன்னேறியிருக்கீங்க" என்று எழுதினார். பிறகு, "எனக்கு ஒரு உதவி செய்வீங்களா? உங்க அனுபவத்த நீங்களே சொல்ற மாதிரி ஒரு வீடியோ எடுக்கணும். புதுசா வர்ற டாக்டர்களோட பயிற்சிக்கு மட்டும்தான். முகம் தெரியாது" என்றார்.

"வேண்டாம் டாக்டர். பயமா இருக்கு."

டாக்டரம்மா பேனாவை மூடினார். மெதுவாக மேசைமேல் வைத்தார். தலையைச் சாய்த்தார். "எனக்காக" என்றார்.

அந்தப் பேனாவுக்கு அவள் எப்படி மறுப்பாள்? சரி என்றாள்.

வீடியோ எடுக்கத் திட்ட அதிகாரியே நேரில் வந்துவிட்டார். ரகசியம் காப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. அவளைச் சுவர்ப் பக்கம் திருப்பி உட்கார வைத்தார். பின்னாலிருந்து விளக்கைப் போட்டு வெறும் நிழலாக்கினார். "மூக்கு தெரியுது, மூக்க வச்சுக் கண்டுபிடிச்சிடுவாங்க" என்று ஒரு குடையை விரித்துப் பிடிக்கச் சொன்னார். சேலையின் நிறத்தை மறைக்க மேலே போர்வை போர்த்தினார். நாற்காலியைக்கூட மாற்றினார், உட்காருகிற விதத்தை வைத்து அடையாளம் தெரிந்துவிடுமாம்.

போர்வைக்குள்ளிருந்து அவள் மெல்லக் கேட்டாள். "சார், குரல்?"

"குரலுக்கென்ன? நல்லா கணீர்னு இருக்கு. அப்படியே பேசுங்க."

"இல்ல சார், என் குரல எல்லாருக்கும்..."

"குரல வச்சு யாரும்மா ஆளக் கண்டுபிடிப்பாங்க? மனுஷனுக்கு அடையாளம் முகம்தான். நாங்க இதுக்கு மூணு கமிட்டி போட்டுப் பேசி முடிவு பண்ணியிருக்கோம்."

அவள் குடையை விலக்கி டாக்டரம்மாவைப் பார்த்தாள். 'ஓ, அந்தக் குரல் நீங்கதானா' என்று சிரித்த அதே டாக்டரம்மா. ஒரு வார்த்தை சொன்னால் போதும். டாக்டரம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். குடையை நேராகப் பிடிக்கச் சொன்னார்கள். பிடித்தாள். வண்டியை விட்டுவிட்டு வெயிலில் உட்கார்ந்திருந்த குடும்பம் வரை எல்லாவற்றையும் சொன்னாள்.

திட்டத்தின் வெற்றி விழாவைப் பேருந்து நிலையத்திலேயே வைத்தார்கள். கூட்டம் தயாராக இருக்கும், தனியாகத் திரட்ட வேண்டியதில்லை என்பது அதிகாரியின் யோசனை. காலையில் மேலாளர் ஒரு தாளைக் கொண்டுவந்து கண்ணாடி அறையில் வைத்துவிட்டுப் போனார். அவளும் வழக்கம்போல் பேனாவை மூடி மேசைமேல் வைத்துவிட்டு, மைக்கைப் போட்டு, தாளில் இருந்ததைப் படித்தாள்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. மன நோயிலிருந்து மீண்டு வந்த ஒரு சகோதரியின் உண்மை அனுபவம் இப்போது நிலையத்தின் அனைத்துத் திரைகளிலும் காட்டப்படும். அவரது அடையாளம் முழுமையாகப் பாதுகாக்கப்பட்டுள்ளது."

படித்து முடித்த பிறகுதான் படித்தது என்னவென்று உறைத்தது. அதற்குள் திரைகளில் குடை பிடித்த நிழல் ஒன்று தோன்றி, சற்று முன் பேசிய அதே குரலில், "நான் இன்னிக்கு செத்துட்டா நாளைக்கு மிஷின் பேசிக்கும்" என்றது.

கீழே நின்றவர்கள் திரையைப் பார்த்தார்கள். பிறகு ஒலிபெருக்கியைப் பார்த்தார்கள். பிறகு, சொல்லி வைத்தாற்போல், எல்லோரும் தலையைத் தூக்கிக் கண்ணாடி அறையைப் பார்த்தார்கள். வருஷக்கணக்காக அங்கே உட்கார்ந்திருந்தவளின் முகத்தை ஊர் அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தது. ஒரு டிரைவர், "ஐயோ, நம்ம மைக்கக்காடா" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். தையல் மிஷின் சாமான் எடுக்க வெளியூர் கிளம்பிய அவளுடைய வீட்டுக்காரரும் பையோடு அந்தக் கூட்டத்தில்தான் நின்றிருந்தார். அவர் மட்டும் மேலே பார்க்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திட்ட அதிகாரி மேடையேறினார்.

"பெரியோர்களே, தாய்மார்களே! நாங்கள் வருவதற்கு முன் இந்த வட்டாரத்தில் மனச்சோர்வு என்பதே கிடையாது. இன்று வீட்டுக்கு வீடு கண்டுபிடித்திருக்கிறோம்! கண்டுபிடித்ததோடு விட்டோமா? அவர்களைக் கேட்காமலேயே குணப்படுத்தியிருக்கிறோம்! இது எப்படி முடிந்தது என்று வெளிநாட்டிலிருந்தெல்லாம் கேட்கிறார்கள். ரகசியம் இதோ!" என்று சட்டைப் பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்து உயர்த்திக் காட்டினார். "டாக்டருக்கு நேரம் இல்லை. நோயாளிக்கோ பேச ஆசை. என்ன செய்வது? எங்கள் டாக்டர்கள் அனைவருக்கும் பயிற்சி கொடுத்தோம். முதலில் எழுது. பிறகு பேனாவை மூடு. மெதுவாகக் கீழே வை. தலையை இடது பக்கம் சாய். 'சொல்லுங்கம்மா, நான் கேக்கறேன்' என்று சொல். அவ்வளவுதான்! கல் நெஞ்சக்காரனும் கொட்டிவிடுவான். அந்த நேரத்தில் டாக்டர் அடுத்த நோயாளியைப் பற்றி யோசித்துக்கொள்ளலாம். இதை மிகச் சிறப்பாகச் செய்த டாக்டருக்கு இன்று கேடயம் வழங்குகிறோம்!"

டாக்டரம்மா மேடையேறிக் கேடயத்தை வாங்கிக்கொண்டார். மேலே பார்க்கவே இல்லை.

கண்ணாடி அறையில் அவள் தன் பேனாவைப் பார்த்தாள். இத்தனை நாள் நெஞ்சைப் பிடித்து நிறுத்திய பேனா. வேலை போய்விடுமே என்றுகூட அப்போது அவளுக்குத் தோன்றவில்லை. அழுததையெல்லாம் ஒரு பயிற்சிப் பாடத்தின் முன்னால் உட்கார்ந்து அழுதிருக்கிறோம் என்ற அவமானம்தான் பெரிதாக இருந்தது. சிரித்து ஏமாற்றுகிற மேலாளரை அவளால் மன்னிக்க முடியும். அவர் ஒருநாளும் தலையைச் சாய்த்ததில்லை.

மேலாளர் மேலே வந்தார். குரலில் தேன் ஒழுகியது. "அக்கா, நீங்க இவ்வளவு கஷ்டத்த வச்சுக்கிட்டு வேலை பாக்கறது எங்களுக்குத் தெரியாமப் போச்சே. நல்லா ரெஸ்ட் எடுங்க. ஊர் பேர், மேடை நம்பர் எல்லாம் உங்க குரல்லயே பதிவு இருக்கு. உங்க குரல் எங்கயும் போகாது. நீங்க போனாப் போதும்."

திட்ட அதிகாரியிடம் போய் அவள் கேட்டதற்கு, அவர் நிஜமாகவே வருத்தப்பட்டார். "உங்க முகம் வீடியோல எங்கயாவது தெரிஞ்சுதாம்மா? இல்லையே? அப்ப ரகசியம் காக்கப்பட்டிருக்கு."

வீட்டுக்காரர் வெளியூர் போகாமல் திரும்பி வந்திருந்தார். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல், பிரித்துப் போட்ட மிஷினின் சக்கரத்தையே துடைத்துக்கொண்டிருந்தார். "குடைக்குச் சொன்னத எனக்குச் சொல்லியிருக்கலாம்ல" என்றார். கோபமில்லை. அதுதான் அவளை அதிகம் சுட்டது.

அழுகை பழையபடி முழுசாகத் திரும்பி வந்தது. மாத்திரை இல்லாமல் முடியாது என்று தெரிந்து, மறுபடியும் சுகாதார நிலையத்துக்குப் போனாள். ரிப்பன் வெட்டியாகிவிட்டது. ரகசிய அறையில் கேடயத்தையும் விழா பேனர்களையும் வைத்துப் பூட்டியிருந்தார்கள். நர்ஸ் அதே நாற்காலியில், அதே வரிசைக்கு நடுவில்.

"நீங்க குணமானவங்கம்மா" என்று நர்ஸ் குரலைத் தாழ்த்தினார். அந்த நிலையத்தில் முதன்முதலாகக் குரலைத் தாழ்த்திச் சொல்லப்பட்ட விஷயம் அதுதான். "மறுபடி மனசுன்னு போட்டா கேடயத்தத் திருப்பிக் கேப்பாங்க. முட்டி வலின்னு போட்டு உள்ள அனுப்பறேன், டாக்டர்கிட்ட நீங்களே பேசிக்குங்க."

முட்டி வலியாக உள்ளே போனாள். டாக்டரம்மா அவளைப் பார்த்ததும் எழுதுவதை நிறுத்தினார். பழக்க தோஷத்தில் பேனாவை மூடி மேசைமேல் வைத்தார். வைத்த பிறகுதான் என்ன செய்தோம் என்று தெரிந்தது. முகம் சிவந்துவிட்டது.

"அம்மா... அத பயிற்சில சொல்லிக் குடுத்தாங்க, வாஸ்தவம். ஆனா உங்ககிட்ட நான் நிஜமாவே கேட்டேன்."

"இருக்கலாம் டாக்டர்" என்றாள் அவள். "எனக்குத்தான் இனிமே வித்தியாசம் தெரியாது."

பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, டாக்டரம்மாவின் கையில் கொடுத்தாள். "எழுதுங்க. மாத்திரை மட்டும் எழுதுங்க, போதும்."

டாக்டரம்மா எழுதினார். மருந்தின் பெயரை அடித்துவிட்டு மறுபடி எழுதினார். அவளுக்கு இரக்கம் வரவில்லை.

திரையை விலக்கி வெளியே வந்தாள். வரிசை நீளமாக இருந்தது. எல்லோரும் அவளையே பார்த்தார்கள். இனி மறைக்க ஒன்றும் இல்லை. நெஞ்சு படபடத்தது. படபடத்துவிட்டுப் போகட்டும் என்று நிமிர்ந்து நின்று, ஊர் முழுக்கத் தெரிந்த அந்தக் குரலைத் திறந்தாள்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. உள்ளே டாக்டர் பேனாவைக் கீழே வைப்பார். அப்போது யாரும் அவசரப்பட்டு எதையும் சொல்லிவிட வேண்டாம். சளி, காய்ச்சல், காலில் முள் ஆகியவற்றை மட்டும் தெரிவிக்கவும். நன்றி."

யாரோ சிரித்தார்கள். நர்ஸ் எழுந்து நின்றுவிட்டார். முள் குத்திய பெரியவர், இந்த முறை காலில் எந்தக் கோளாறும் இல்லாமல், பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். சவரம் செய்யாத முகம். கண் இரண்டும் வீங்கியிருந்தது. அவர் சிரிக்கவில்லை.

"அப்ப மத்தத எல்லாம் யார்கிட்டம்மா சொல்றது?" என்று கேட்டார்.

அதற்கு அவளிடம் அறிவிப்பு எதுவும் இல்லை. பெரியவர் பெஞ்சிலிருந்த தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அவளுக்கு இடம் விட்டார்.